பழைய மரமும் கைவேலையும்: குறைந்த செலவில் வீட்டை அமைக்க ஒரு வழிகாட்டி

ஒரு வீட்டை அமைப்பதில் பணத்தை அதிகம் விழுங்குவது அவசரம்தான். குடிபுகுந்த முதல் வாரத்திலேயே எல்லா அறைகளும் நிரம்பிவிட வேண்டும் என்று எண்ணி ஒரே மூச்சில் வாங்கிப் போட்ட பொருள்களில் பாதி, ஓராண்டுக்குள் மூலையில் முடங்கிப் போவதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். படுக்க ஒரு கட்டில், உட்கார இரண்டு நாற்காலிகள், உண்ணவும் எழுதவும் பொதுவாக ஒரு மேசை, துணி வைக்க ஓர் அலமாரி ஆகியவை இருந்தால் அன்றாட வாழ்க்கை நடக்கும். வேறு என்ன வேண்டும் என்பதை அந்த வீட்டில் சில வாரங்கள் நடமாடிய பிறகே சரியாகச் சொல்ல முடியும். பழைய சாமான்களை வாங்கிச் செப்பனிட்டும், சிலவற்றைக் கையாலேயே செய்தும் வீட்டை அமைக்க விரும்புகிற, ஆனால் இதுவரை உப்புத்தாளைக்கூடத் தொட்டிராத ஒருவருக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

பழைய சாமான் வாங்கும்போது நான் கைக்கொள்ளும் விதி எளிமையானது. பொருளின் சட்டம் உறுதியாக இருக்க வேண்டும், மற்றவற்றை மாற்றிக்கொள்ளலாம். கீறல், மங்கிய வார்னிஷ், கிழிந்த துணி, கண்ணை உறுத்தும் நிறம் ஆகியவை விலையைக் குறைத்துத் தரும் குறைகள் என்பதால் அவற்றை வரவேற்கவே செய்கிறேன். உளுத்த மரமும் நீரில் ஊறிய பலகையும் மூட்டைப்பூச்சியும் அப்படியல்ல. அவை வாங்கியவரோடு வீட்டுக்குள் வந்து குடியேறிவிடும்.

அளந்து எழுதிக்கொள்ளுங்கள்

எதையும் தேடப் புறப்படும் முன் அறையின் நீள அகலங்கள், ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கதவு எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் திறக்கிறது, பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது ஆகிய எல்லாவற்றையும் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின், வாங்க நினைக்கும் கட்டில், மேசை ஆகியவற்றின் அளவுக்குச் செய்தித்தாள்களை ஒட்டித் தரையில் விரித்து, இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டு வழக்கம்போல் நடமாடுங்கள். தாளை அடிக்கடி மிதிக்கிறீர்கள் என்றால், அங்கே வரப்போகும் பொருள் முழங்காலில் இடிக்கும்.

சில அளவுகளை மனத்தில் வைத்திருப்பது நல்லது. அறைக்குள் அடிக்கடி போய்வரும் வழிக்கு 90 செ.மீ. அகலமும், கட்டிலின் பக்கவாட்டில் ஏறி இறங்க 60 செ.மீ. இடமும் வேண்டும். உணவு மேசையில் ஒருவருக்கு 60 செ.மீ. அகலம் தேவைப்படும். மேசையின் உயரம் பொதுவாக 75 செ.மீ., நாற்காலியின் இருக்கை உயரம் 45 செ.மீ. என்று இருக்கும், இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 30 செ.மீ. இருந்தால்தான் கையும் தொடையும் வசதியாக அமையும். மேசையை ஓரிடத்திலும் நாற்காலியை வேறிடத்திலும் வாங்குபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த இடைவெளியைத்தான். வாசற்கதவு, மாடிப்படியின் திருப்பம், லிஃப்ட் ஆகியவற்றின் அளவுகளையும் அதே தாளில் எழுதி, அந்தத் தாளையும் ஓர் அளவு நாடாவையும் எப்போதும் பையிலேயே வைத்திருங்கள். நல்ல பொருள் கண்ணில் படுகிற நாள் முன்கூட்டியே தெரிவதில்லை.

தேடும் இடங்களைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. வீடு மாறுகிறவர்கள், பழைய சாமான் கடைகள், அலுவலகங்கள் கழித்துக்கட்டும் மேசை நாற்காலிகள், இடிக்கப்படும் கட்டடங்களிலிருந்து வரும் கதவு ஜன்னல்கள், உறவினர் வீட்டுப் பரண் ஆகியவையே முக்கியமானவை. இவற்றுள் வீட்டைக் காலி செய்பவர்களிடம்தான் நல்ல பொருள் மலிவாகக் கிடைக்கிறது என்பது என் அனுபவம். ஏனென்றால் அவர்களுக்குப் பணத்தைவிட நாள் நெருக்கடி பெரிது.

முகப்பைக் கடைசியாகப் பாருங்கள்

ஒரு பொருளை முன்பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கினால் மனம் முதலிலேயே அதை வாங்கிவிடும். ஆகவே டார்ச் விளக்கோடு அடியிலிருந்தும் பின்னாலிருந்தும் தொடங்குங்கள். இழுப்பறையை முழுவதுமாக வெளியே உருவிக் கவிழ்த்துப் பாருங்கள். முழு மரமாக இருந்தால் மேற்பரப்பில் ஓடும் ரேகை விளிம்பைத் தாண்டியும் தொடரும்; பிளைவுட்டின் விளிம்பில் மெல்லிய அடுக்குகள் தெரியும்; பார்ட்டிக்கிள் போர்டில் மரத்தூளை அழுத்தி ஒட்டிய சொரசொரப்பு தெரியும். பிளைவுட்டும், மெல்லிய மர உறை ஒட்டிய பலகையும் நன்றாகச் செய்யப்பட்டிருந்தால் பல்லாண்டுகள் உழைக்கும். பார்ட்டிக்கிள் போர்டு ஒரு முறை நீர் குடித்து உப்பிவிட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. கழற்றி மாட்டக் கழற்றி மாட்ட ஸ்க்ரூவும் பிடிக்காது. அதனால் செய்த பொருளின் கால்களைக் கையால் தடவிப் பார்த்து, விளிம்பு வீங்கியிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இழுப்பறையின் மூலைகளில் புறாவின் வாலைப் போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருந்தால், செய்தவர் தொழிலை மதித்தவர் என்று நம்பலாம். வெறும் ஸ்டேப்ளர் பின்களால் அடித்திருந்தால் சுமை தாங்காது. நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது மட்டும் போதாது. ஒரு கையை முதுகுச் சாய்விலும் மறுகையை இருக்கையிலும் வைத்து மூலைக்கு மூலை ஆட்டிப் பார்க்க வேண்டும். மேசையை ஒரு முனையில் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க வேண்டும். இணைப்பு தளர்ந்து ஆடுவது சரிசெய்யக்கூடிய குறை. இணைப்பில் மரமே பிளந்திருந்தால் தொடக்கநிலையில் இருப்பவர் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பிறகு பூச்சி. மரத்தில் 1 முதல் 2 மி.மீ. அளவுள்ள வட்டத் துளைகள் தெரிந்தால் பொருளை மெல்லத் தட்டுங்கள். வெளிர் நிறத்தில் மாவு கொட்டினால் உள்ளே வண்டு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கக்கூடும். துளையின் ஓரம் கறுத்து, மாவும் கொட்டாமல் இருந்தால் பெரும்பாலும் பழைய கதை. ஆனாலும் வீட்டுக்கு வெளியே இரண்டு வாரம் கறுப்புத் தாளின்மேல் நிறுத்திவைத்துப் பார்ப்பது நல்லது. திருப்புளியின் முனையால் காலின் அடிப்பாகத்தைக் குத்தும்போது அது எளிதாக இறங்கினாலோ, தட்டும்போது பொள்ளல் ஓசை வந்தாலோ, மண் கோடுகள் ஓடியிருந்தாலோ கரையான் என்று வைத்துக்கொள்ளலாம்.

மெத்தை தைத்த சோபா, நாற்காலி ஆகியவற்றில் மூட்டைப்பூச்சிதான் பெரிய கவலை. தையல் மடிப்பு, பொத்தான் குழி, அடிப்பக்கத் துணியின் ஓரம் ஆகியவற்றைப் பிரித்துப் பார்த்து, மைப்புள்ளி போன்ற கறுப்புக் கறைகளோ உரித்துப்போட்ட தோல்களோ இருக்கின்றனவா என்று தேட வேண்டும். ஒரு பழைய அட்டையின் விளிம்பை மடிப்புக்குள் ஓட்டினால் ஒளிந்திருப்பவை வெளியே வரும். உணவே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடிய பூச்சி இது. ஆகவே, “ஆறு மாதமாக யாரும் உட்காராத சோபா” என்று விற்பவர் சொல்வது நற்சான்று ஆகாது. வெயிலில் போட்டாலும், பூச்சி நிழல் பக்கமாக நகர்ந்துகொள்ளும் என்பதால் அதை நம்ப முடியாது. கழற்றக்கூடிய உறைகளையும் திரைகளையும், துணி தாங்குமானால், 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பூச்சியும் முட்டையும் அழியும். பழைய மெத்தையை மட்டும் இனாமாகக் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை.

குழந்தைத் தொட்டில் கட்டில்களில் கம்பிகளுக்கு இடையே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தையின் உடல் நழுவி, தலை சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அத்தகையவற்றைச் செப்பனிட முயல வேண்டாம். பல அடுக்காகப் பெயிண்ட் பூசிய மிகப் பழைய பொருள்களில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால் அவற்றை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. சிறு குழந்தைகளோ கர்ப்பிணிகளோ இருக்கும் வீட்டில் அப்படிப்பட்ட பொருளைத் தவிர்ப்பதே எளிய வழி.

எல்லாம் சரியாக இருந்தால் கணக்கைப் போடுங்கள். கேட்கும் விலையோடு வண்டிக் கூலி, பெயிண்ட், துணி, உங்களுக்கு ஆகும் நாள்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், சில மலிவான பொருள்கள் புதியவற்றைவிட விலை கூடியவையாகிவிடும்.

ஆடும் நாற்காலியை நிறுத்துதல்

வாங்கி வந்த பொருளை முதலில் தூசி தட்டி, சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காற்றோட்டமான நிழலில் உலர விடுங்கள். அலமாரியின் உள்ளே வாடை இருந்தால் ஒரு கிண்ணத்தில் சமையல் சோடாவை வைத்துச் சில நாள் மூடிவைக்கலாம்.

ஆடும் நாற்காலிக்கு ஆணி அடிப்பதுதான் பலரும் செய்யும் வேலை. ஆணி மரத்தைப் பிளக்கும், ஆட்டமும் நிற்காது. முறையான வழி, தளர்ந்த இணைப்பைக் கழற்றி மறுபடி ஒட்டுவதுதான். பாகங்கள் மாறிவிடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி எண் எழுதிக்கொண்டு, மரத்தின்மேல் மடித்த துணியை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பிரியுங்கள். துளைக்குள் நுழையும் நாக்குப் பகுதியிலும் துளைக்குள்ளும் ஒட்டியிருக்கும் பழைய பசையைக் கத்தியாலும் உப்புத்தாளாலும் வெறும் மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். முதல் முறை நான் இதைச் செய்யாமல் பழைய பசையின்மேலேயே புதுப்பசையை ஊற்றினேன். காய்ந்துபோன பசை புதுப்பசையை மரத்துக்குள் இறங்க விடாததால், ஒரே மாதத்தில் நாற்காலி விருந்தாளி ஒருவரோடு சேர்ந்து தரைக்கு வந்தது. சுரண்டியபின் மரவேலைக்கான வெள்ளைப் பசையை இரு பக்கமும் தடவிக் கோத்து, நாற்காலியைச் சமதரையில் நிறுத்தி, கால்களைச் சுற்றி இரண்டு சுற்றுக் கயிறு கட்டி, கயிற்றுக்கிடையே ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். முறுக்க முறுக்க இணைப்பு இறுகிப் பசை பிதுங்கும்; அதை ஈரத்துணியால் உடனே துடைத்துவிட்டு, குச்சியைக் காலோடு சேர்த்துக் கட்டி 24 மணி நேரம் விட்டுவிடுங்கள்.

இணைப்பெல்லாம் இறுக்கமாக இருந்தும் நாற்காலி தள்ளாடினால் ஒரு கால் குட்டையாக இருக்கிறது என்று பொருள். மற்ற மூன்றையும் அறுத்துச் சமன் செய்யப் புறப்பட்டவர்களின் நாற்காலி முக்காலியாகி, பிறகு மணையாகி முடியும். குட்டைக் காலின் அடியில் தேவையான கனத்துக்கு ஒரு சில்லு மரத்தை ஒட்டினால் போதும்.

சிக்கிக்கொள்ளும் இழுப்பறையின் ஓடுபாதையில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு வரும். ஸ்க்ரூ பிடிக்காத துளையில் பசை தடவிய தீக்குச்சிகளைச் செருகி, காய்ந்தபின் ஒட்ட நறுக்கிவிட்டு மறுபடி முடுக்கலாம். பிரம்பு பின்னிய இருக்கை தொய்ந்திருந்தாலும் அறுபடாமல் இருந்தால், கவிழ்த்து வைத்து அடிப்பக்கத்தில் வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டு நன்றாக ஊறவிட்டு, பிறகு இரண்டு நாள் யாரும் உட்காராமல் காயவைத்துப் பாருங்கள். காயும்போது பிரம்பு சுருங்கி இறுகுவதைக் காண்பது, இந்த வேலையில் கிடைக்கும் சிறு மகிழ்ச்சிகளில் ஒன்று.

தேய்ப்பதும் பூசுவதும்

உப்புத்தாளின் எண் கூடக்கூட அது நைசாகும். பழைய பூச்சை எடுக்க 80, சமன் செய்ய 120, பூசுவதற்கு முன் 180 அல்லது 220 என்று படிப்படியாகப் போக வேண்டும். எப்போதும் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கோடுகள் அப்போது கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, வார்னிஷ் பட்டதும் எழுந்து நிற்கும். மர உறை ஒட்டிய பலகையில் 80-ஐப் பயன்படுத்தாதீர்கள். அந்த உறை பல நேரங்களில் ஒரு மி.மீ. கனம்கூட இருக்காது. முகக்கவசம் கட்டாயம்.

தூசியை முழுவதுமாகத் துடைத்தபின் பிரைமர் என்னும் அடிப்பூச்சு ஒரு முறையும், அது காய்ந்தபின் பெயிண்ட் மெல்லியதாக இரண்டு முறையும் பூசினால், கனமாக ஒரே முறை பூசியதைவிட நீடித்து நிற்கும். துருவேறிய இரும்புப் பீரோவானால், துருவைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் எடுத்துவிட்டு, ரெட் ஆக்சைடு பிரைமர் பூசியபின்தான் பெயிண்டுக்குப் போக வேண்டும். இழுப்பறைகளின் முகப்பை மட்டும் பூசுங்கள். நான் ஆர்வக்கோளாறில் பக்கவாட்டையும் பூசிவிட்டு, நான்கு இழுப்பறைகளில் ஒன்றுகூட மூடாமல், பூசிய நேரத்தைவிட இரு மடங்கு நேரம் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

மரத்தின் இயல்பான நிறம் பிடித்திருந்தால் பெயிண்ட் வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் தடவித் துடைத்தாலே ரேகை பளிச்சென்று தெரியும். ஆனால் அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. எண்ணெய் காய்வது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும் வினை என்பதால் வெப்பம் உண்டாகிறது; சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், யாரும் தீ வைக்காமலே துணி பற்றிக்கொள்ளும். துணியைத் தனித்தனியே விரித்து, வெளியே தொங்கவிட்டு, விறைத்துக் காய்ந்தபின் எறியுங்கள்.

இருக்கைக்குப் புது உறை

உணவு மேசை நாற்காலிகளில் இருக்கை பெரும்பாலும் தனிப் பலகையாக இருக்கும். அடியிலிருந்து நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். பழைய துணியைக் கிழிக்காமல் பிரித்தெடுத்தால் அதையே வெட்டு மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். நைந்த ஃபோமை மாற்றி 5 செ.மீ. கனமுள்ள புது ஃபோமைப் பலகையின் அளவுக்கு வெட்டி வையுங்கள். துணியைக் கவிழ்த்து விரித்து, அதன்மேல் ஃபோமையும் பலகையையும் கவிழ்த்து வைத்து, முதலில் முன்விளிம்பின் நடுவில் ஒரு ஸ்டேப்ளர் பின், அதற்கு நேரெதிரே பின்விளிம்பின் நடுவில் இழுத்து ஒரு பின், பிறகு இடம், வலம் என்று அடியுங்கள். நடுவிலிருந்து மூலைகளை நோக்கி, ஒரு பக்கம் அடித்தால் எதிர்ப்பக்கமும் அடித்துக்கொண்டே போனால் துணி கோணாது. மூலைகளைக் கடைசிக்கு விட்டு, பொட்டலம் மடிப்பதுபோல் இரண்டு மடிப்பாக மடித்து அடியுங்கள். கட்டமோ கோடோ உள்ள துணி முதல் முயற்சிக்கு வேண்டாம். சிறு கோணலைக்கூட அது காட்டிக்கொடுக்கும்.

தைப்பதும் பலகை பொருத்துவதும்

திரைச்சீலைக்குப் படுக்கை விரிப்புகளே போதும். விளிம்பு ஏற்கெனவே தைக்கப்பட்டிருப்பது கூடுதல் வசதி. துணியின் மொத்த அகலம் கம்பியின் நீளத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருந்தால்தான் மூடியபோதும் மடிப்பு விழும். புதுப் பருத்தித் துணியானால் வெட்டும் முன் ஒரு முறை நனைத்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் சலவையில் திரை ஏறி நிற்கும். கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு 10 முதல் 15 செ.மீ. மேலேயும், இரு பக்கமும் சற்று நீட்டியும் பொருத்தினால் ஜன்னல் பெரிதாகத் தோன்றும். விலக்கிய திரை வெளிச்சத்தையும் மறைக்காது.

40 செ.மீ. சதுரத் தலையணைக்கு ஜிப் இல்லாத உறை தைக்க, 42 செ.மீ. அகலமும் 100 செ.மீ. நீளமும் உள்ள ஒரே துண்டு போதும். நீளவாக்கின் இரு முனைகளையும் 2 செ.மீ. மடித்துத் தைத்தால் 96 செ.மீ. மிஞ்சும். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி, நடு 40 செ.மீ. முன்புறமாக அமைய, இரு முனைகளையும் அதன்மேல் மடித்தால் பின்னால் 16 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இரு பக்கமும் 1 செ.மீ. விட்டுத் தைத்துப் புரட்டினால் உறை தயார்.

புத்தகத் தட்டுக்குப் பலகை வெட்டும்போது நீளத்தில் பேராசை கூடாது. ஒரு பலகை முழுவதும் புத்தகம் அடுக்கினால், தாங்கிகளுக்கு இடையேயான தூரத்தை இரட்டிப்பாக்கும்போது தொய்வு 16 மடங்காகும். 18 மி.மீ. பலகைக்கு 60 செ.மீ.க்கு ஒரு தாங்கி என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. உயரமான அலமாரி எதுவானாலும், பழையதோ நீங்களே செய்ததோ, எல் வடிவ இரும்பால் சுவரோடு பிணையுங்கள். திறந்த இழுப்பறையில் குழந்தை கால் வைத்து ஏறினால் அலமாரியே கவிழும்.

சரக்கு ஏற்றும் மரத் தட்டுகளைப் பிரித்து மேசை செய்ய விரும்புபவர்கள் அதில் சூடிட்ட முத்திரையைப் படிக்க வேண்டும். பன்னாட்டுச் சரக்கு மரங்களுக்கான விதிப்படி, HT என்ற எழுத்துகள் மரத்தின் உட்பகுதி 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடமாவது இருந்ததைக் குறிக்கும், MB என்றிருந்தால் மீதைல் புரோமைடு நச்சுப் புகை போடப்பட்டது, அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். முத்திரை இல்லாததும், எண்ணெய்க் கறை படிந்ததும் எதை ஏற்றிச் சென்றன என்று தெரியாது.

சுவரும் வெளிச்சமும்

சுவரில் துளையிடுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். படங்களை முதலில் தரையில் பரப்பி அமைத்து, அதே அளவுத் தாள்களைச் சுவரில் டேப்பால் ஒட்டிச் சில நாள் பாருங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் நிற்பவர் கண்ணுக்கு நேராக அமையும். பழைய கண்ணாடி கிடைத்தால் ஜன்னலின் பக்கவாட்டுச் சுவரில் மாட்டுங்கள். அறை அரை மடங்கு வெளிச்சம் கூடியதுபோல் இருக்கும்.

பொருத்தமில்லாத பழம்பொருள்களை ஒன்று சேர்க்க நிறத்தைவிட வெளிச்சம் அதிகம் உதவுகிறது. கூரையின் நடுவே எரியும் ஒற்றை வெண்ணிற விளக்கு எல்லாக் கீறலையும் காட்டும். 2700 கெல்வின் என்று அச்சிட்ட மஞ்சள் சாயல் எல்.இ.டி. விளக்கை ஒரு மூலையில் தாழ வைத்தால் அதே அறை இளைப்பாறும் இடமாக மாறும். பழைய மேசை விளக்கு வாங்கினால் அதன் ஒயர், பிளக், ஹோல்டர் மூன்றையும் மின்பணியாளரிடம் கொடுத்து மாற்றியபின் பயன்படுத்துங்கள்.

மீந்த பெயிண்டைக் கொட்டிவிட வேண்டாம். மூடி இறுகும் சிறு கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை ஊற்றி, எந்தப் பொருளுக்குப் பூசியது, என்று பூசியது என்று மேலே ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். முதல் கீறல் விழ அதிக நாள் ஆகாது.